நாலாவது டீம் கலையும்போது

கிரிக்கெட்டில் இன்று புரளும் பணம் எந்தக் காலத்திலும் புரண்டதில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஐபிஎல் பருவங்களின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதே காலத்தில்தான், வார இறுதி ஆட்டத்துக்குப் பதினொரு பேர் தேறாமல் பழைய கிளப்கள் தங்கள் டீம்களை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டிருக்கின்றன. ஏன் என்று கிளப்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள்: செல்போன், டி20, கிரவுண்டு கைவிட்டுப் போனது, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கிளப் எந்த வரிசையில் சாகிறது என்று கவனித்தால்தான் விஷயம் பிடிபடும்.

அது கீழிருந்து சாகும்.

ஓரளவு பெரிய கிளப்பில் மூன்று நான்கு டீம்கள் இருக்கும். நன்றாக ஆடுபவர்கள் முதல் லெவனில், அடுத்த தரத்தவர்கள் இரண்டாவதில். நாலாவது டீம் ஒரு தனி உலகம். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் முதல்முறையாகப் பெரியவர்களின் பந்தைச் சந்திப்பான். எதிர்முனையில் முட்டி தேய்ந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர் “ஓடாத, நில்லு” என்று கத்திக்கொண்டிருப்பார். முதல் லெவனில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டாவதிலிருந்து ஒருவர் மேலே போவார். அந்த இடத்துக்கு மூன்றாவதிலிருந்து ஒருவர். இப்படியே நகர்ந்து, ஓட்டை கடைசியில் நாலாவது டீமின் தலையில் வந்து விழும். அதன் கேப்டன் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் “நாளைக்கு ரெண்டு பேர் குறையுது, வீட்டுல தம்பி, மாமா யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். முதலில் எட்டுப் பேரோடு சமாளித்துப் பார்ப்பார்கள். அப்புறம் ஆட்டங்களை விட்டுக்கொடுப்பார்கள். அடுத்த பருவத்தின் அட்டவணையில் அந்த டீம் இருக்காது.

முதல் லெவன் அந்த வருடமும் ஜெயிக்கும், அதனால் யாருக்கும் பதற்றம் வராது. நான்கைந்து வருடம் கழித்து மேலே ஏறிவர ஆளே இல்லை என்று தெரியும்போதுதான், ஏணியின் கீழ்ப்படி எப்போதோ கழன்றுவிட்டது உறைக்கும்.

‘அதான் அகாடமி இருக்கே’ என்பவர்கள் உண்டு. அகாடமி கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிறது. பயிற்சி நல்ல தரமாகவே இருக்கலாம். ஆனால் அங்கே பையன் வாடிக்கையாளன். கிளப்பில் அவன் உறுப்பினன். ஆட்டம் முடிந்ததும் ஸ்டம்பைப் பிடுங்கி அறையில் வைப்பது, யாருடைய ஸ்கோர் புத்தகத்தையாவது நிரப்பித் தருவது, தொப்பை விழுந்த ஒருவரின் ஆஃப் ஸ்பின்னில் மூன்றே பந்தில் ஏமாந்து திரும்பும் அவமானம், இதெல்லாம் எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இருக்காது. ஆட்டக்காரன் உருவாவதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

கிரிக்கெட்டின் வரலாறும் கிளப்பில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கிராமமொன்றில் ஹாம்பிள்டன் கிளப் 1760களிலேயே பேர் பெற்றுவிட்டது. ஆட்ட விதிகளைக் காப்பாற்றிவரும் லண்டனின் எம்சிசி (மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்) 1787இல் தொடங்கிய ஒரு கிளப். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846, பம்பாயில் பார்சிகள் தொடங்கிய ஓரியன்டல் கிளப் 1848. முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்ததோ 1877இல்தான். சிட்னியின் கிளப்கள் தரவாரியாக மோதும் கிரேடு கிரிக்கெட் 1893இல் தொடங்கியது. நாரோமைன் என்ற சிற்றூரிலிருந்து கிளென் மெக்ராத் சிட்னிக்கு வந்தது அங்கே சதர்லாந்து கிளப்புக்கு ஆடுவதற்காக. வந்த புதிதில் குடியிருந்தது ஒரு கேரவன் வண்டியில். ஜெஃப் தாம்சனும் லென் பாஸ்கோவும், அவர்களுக்குப் பின்னால் வாக் சகோதரர்களும் பேங்க்ஸ்டவுன் என்ற ஒரே கிளப்பின் ஆட்கள். மும்பையில் மழைக்காலத்தில் மட்டும் நடக்கும் காங்கா லீக் 1948 முதல் இருக்கிறது. டெண்டுல்கர் 1984இல் சிறுவனாக ஜான் பிரைட் கிளப்புக்கு ஆடியது அதில்தான். டென்னிஸ் பந்தில் தொடங்கிய நடராஜன்கூட ரஞ்சிக்குப் போனது சென்னை லீக் கிளப்களைத் தாண்டித்தான். முரளிதரனுக்குக் கொழும்பில் தமிழ் யூனியன். இந்தப் பட்டியல் முடியாது, நிறுத்திக்கொள்கிறேன்.

அதற்காகக் கிளப் என்பது எல்லோருக்கும் திறந்த வீடாக இருந்தது என்று சொன்னால் பொய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்ட் இண்டீஸின் டிரினிடாடில் எந்தக் கிளப்புக்கு யார் ஆடலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது. குயின்ஸ் பார்க் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பணக்காரர்களுக்கு, மேப்பிள் வெளுத்த தோல்கொண்ட நடுத்தர வகுப்புக்கு, ஷானன் கறுப்பினத்து ஆசிரியர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஆசிய வம்சாவளி ஆட்டக்காரர்கள் 1980இல் காயிதே ஆஸம் லீக் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் பொழுதுபோக்காக கிரிக்கெட் ஆடுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தெற்காசிய வம்சாவளியினர். தொழில்முறை ஆட்டத்தில் அவர்கள் பங்கு 4 சதவீதம் என்று அந்நாட்டு வாரியமே 2018இல் ஒப்புக்கொண்டது. பாகிஸ்தானில் டென்னிஸ் பந்தின்மேல் டேப் சுற்றி ஆடுகிற ஆட்டத்துக்குத் தெருத்தெருவாகக் கூட்டம். ஆக, ‘ஆடுவதற்கு ஆளே இல்லை’ என்று புலம்பும் கிளப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஆள்கள் ஆடிக்கொண்டேதான் இருக்கலாம். அவர்களை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

பழைய காலத்தில் கிளப் எப்படிப் பிழைத்தது? இங்கிலாந்தின் லங்காஷயர் லீக் 1892இல் பிறந்தது. எல்லாம் நூற்பாலை ஊர்கள். சனிக்கிழமை ஆலைச் சங்கு ஊதியதும் கூட்டம் கிரவுண்டுக்குக் கிளம்பும், நுழைவுக் காசு தரும். அந்தக் காசில்தான் நெல்சன் என்ற சின்ன ஊரின் கிளப், டிரினிடாடின் அந்த ஷானன் கிளப்பிலிருந்து வந்த ஆல்ரவுண்டர் லியரி கான்ஸ்டன்டைனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. 1929 முதல் 1937 வரை ஒன்பது பருவங்கள். அதில் ஏழு முறை நெல்சன்தான் சாம்பியன். பிறகு ஆலைகள் மூடின. டெலிவிஷன் வந்தது. கிரவுண்டைச் சுற்றி நின்ற கூட்டம் வீட்டுக்குள் போனது. கிளப் அன்றிலிருந்து சந்தாவையும், தன் பாரில் விற்கும் பானத்தையும், இரண்டு மூன்று நல்ல மனிதர்களையும் நம்பி வாழப் பழகிக்கொண்டது.

டெலிவிஷனும் நிலையாக இல்லை. ஆஸ்திரேலியாவுடனான 2005 ஆஷஸ் டெஸ்ட் தொடரை இங்கிலாந்தில் இலவச சேனலில் பார்த்தவர்கள் உச்சத்தில் 80 லட்சத்துக்கும் மேல். அடுத்த வருடமே ஆட்டம் கட்டண சேனலுக்குப் போனது. வாரியத்துக்கு வருமானம் கூடியது, அதில் ஒரு பங்கு கிளப்களுக்கும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் தற்செயலாக சேனலைத் திருப்பியபோது கண்ணில் பட்ட ஆட்டத்தால் பைத்தியம் பிடிக்கிற பத்து வயதுப் பிள்ளை அடுத்த பல வருடங்களுக்கு அங்கே உருவாகவில்லை. பள்ளிகளில் ஆட்டம் குறைந்ததும் அதோடு சேர்ந்தது. 2021இல் இங்கிலாந்து ஆண்கள் அணிக்கு ஆடியவர்களில் 58 சதவீதம் பேர் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்கள் என்றது 2023இல் வந்த ஒரு விசாரணை அறிக்கை. நாட்டு மக்களில் அப்படிப் படித்தவர்கள் 7 சதவீதம்தான். அரசுப் பள்ளிக்குப் புல்தரை இல்லாதபோது மிச்ச 93 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிளப்தான் ஒரே வாசல்.

பந்து வேலியைத் தாண்டினால்

நிலத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் கிரவுண்டுக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும், வாரத்தில் பெரும்பாலான நேரம் அது சும்மா கிடப்பதுபோலத் தெரியும். ரியல் எஸ்டேட்காரர் கண்ணுக்கு அது வீணாகக் கிடக்கும் மனை. விற்காமல் விட்டாலும் சுற்றி வீடு வரும். வீடு வந்தால் பந்து போகும். பந்து போனால் வழக்கு.

1947இல் மான்செஸ்டரின் சீத்தம் கிளப்பிலிருந்து பறந்த ஒரு சிக்ஸர், தெருவில் நின்றிருந்த பெண்மணிமேல் விழுந்தது. வழக்கு நாடாளுமன்றத்தின் மேலவை நீதிமன்றம் வரை போய், 1951இல் கிளப்புக்குச் சாதகமாக முடிந்தது. சுமார் முப்பது வருடத்தில் ஆறேழு முறைதான் பந்து அப்படி வெளியே போயிருக்கிறது, அவ்வளவு அரிதான ஆபத்துக்குக் கிளப்பைப் பொறுப்பாக்க முடியாது என்றார்கள். 1977இல் வந்த இன்னொரு வழக்கு இன்னும் சுவாரசியம். டர்ஹம் பகுதியில் லின்ட்ஸ் என்ற கிராமத்துக் கிளப் எழுபது வருடமாக ஆடிவந்த இடத்தின் ஓரத்தில் 1972 வாக்கில் புது வீடுகள் எழுந்தன. அதில் ஒரு வீட்டார், பந்து வந்து விழுகிறது, ஆட்டத்தையே நிறுத்துங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். மேல்முறையீட்டில் நீதிபதி டென்னிங் கிளப்பின் பக்கம் முழுசாக நின்றார். மற்ற இரு நீதிபதிகளும் கிளப்பின்மேல் தவறு உண்டு என்றார்கள். கடைசியில் 400 பவுண்டு நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது, ஆட்டம் மட்டும் தப்பியது.

கதை அத்தோடு முடியவில்லை. இங்கிலாந்தில் 1790இல் தொடங்கிய சவுத்விக் அண்டு ஷோர்ஹம் கிளப், 2024இல் தன் கிரவுண்டில் சிக்ஸரையே தடை செய்தது. முதல் சிக்ஸருக்கு ரன் கிடையாது, அடுத்ததற்கு அவுட். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கார்களுக்கும் ஆன சேதம், ஏறிக்கொண்டே போகும் காப்பீட்டுச் செலவு, இதற்குமேல் தாங்காது என்பதுதான் காரணம். உலகமெல்லாம் சிக்ஸரைக் காட்டி டிக்கெட் விற்கிற காலத்தில் ஒரு கிளப் உயிர்பிழைக்க சிக்ஸரைக் கைவிட வேண்டியிருக்கிறது.

இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. முன்பே இருக்கும் ஆட்டக்களத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்ட வருபவர்தான் வலை, தடுப்பு எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இங்கிலாந்து 2018இல் தன் திட்டமிடல் விதிகளில் சேர்த்தது. அதில் விளையாட்டுக் கிளப்கள் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகின்றன. கட்டட அனுமதி விண்ணப்பம் வரும் கட்டத்திலேயே கிளப் போய்க் கேட்டால்தான் இது உதவும். வீடு குடிபுகுந்த பிறகு கேட்டால் பகைதான் மிஞ்சும். குத்தகையும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் குத்தகையை வைத்துக்கொண்டு யாரும் நெட்ஸ் (பயிற்சி வலை) கட்ட நிதி தர மாட்டார்கள். ஒரு கிளப் தன் ஆற்றலை எங்காவது கொட்ட வேண்டுமென்றால், கோப்பைக்கு முன்னால் இருபது இருபத்தைந்து வருடக் குத்தகைக்குத்தான் கொட்ட வேண்டும்.

ஏழு மணி நேரம், பூஜ்யம் ரன்

அடுத்தது நேரம். இதில் கிரிக்கெட்டுக்கே உரிய ஒரு கொடுமை உண்டு. கால்பந்தில் சுமாரான ஆட்டக்காரரும் தொண்ணூறு நிமிடம் ஓடுவார், பத்து முறையாவது பந்தைத் தொடுவார். கிளப் கிரிக்கெட்டில் ஒருவர் காலையில் கிளம்பி, மூன்று மணி நேரம் ஃபீல்டிங் செய்து, ஒரு ஓவர்கூட கிடைக்காமல், ஏழாவது ஆளாக இறங்கி முதல் பந்தில் அவுட்டாகி, அம்பயர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, இரவு வீடு திரும்பலாம். வீட்டில் இருப்பவருக்கு இதை எப்படி விளக்குவது? இரண்டு வாரம் இப்படிப் போனால் மூன்றாவது வாரம் அவர் ‘வேலை இருக்கு’ என்பார். அவர் போய்விட்டதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் நாலாவது டீமின் பதினொன்றாவது ஆள் அவர்தான்.

அதனால் கீழ் டீம்களின் ஆட்டத்தை மேல் டீம்களின் அளவில் தைப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. முதல் லெவன் ஐம்பது ஓவர் ஆடட்டும், நாலாவதுக்கு முப்பதோ இருபதோ போதும். முப்பது ரன் அடித்தவர் ஓய்வு பெற்று அடுத்தவருக்கு வழிவிட வேண்டும், குறைந்தது ஏழெட்டுப் பேருக்காவது பந்துவீச்சு கிடைக்க வேண்டும் என்று லீகே விதி போடலாம். பதினொரு பேர் என்பதும் வேதவாக்கல்ல. 2005இல் லண்டனில் தொடங்கிய லாஸ்ட் மேன் ஸ்டாண்ட்ஸ் எட்டுப் பேர் ஆட்டம். ஏழு விக்கெட் விழுந்தாலும் கடைசி ஆள் தனியாகவே ஆடலாம், ஆட்டம் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடியும். பழைய ஆள்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், வெறும் கிரவுண்டைப் பார்த்து முகம் சுளிப்பதைவிட இது மேல்.

குழந்தைகளை உள்ளே கொண்டுவருவது ஒப்பீட்டளவில் எளிது. இங்கிலாந்து வாரியம் 2017இல் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஆல் ஸ்டார்ஸ் திட்டத்துக்கு நல்ல வரவேற்பு. ஆனால் கிளப் ஆள்களை இழப்பது பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவில்: பரீட்சை, பகுதிநேர வேலை, கல்லூரிக்காக ஊர் மாற்றம். அந்த வயதில் கீழ் டீமில் நிச்சயமான ஓர் இடமும், தன் வயதுக்காரர் இன்னும் இரண்டு பேரும் இருந்தால் பையன் நிற்பான். தனியாக ஒருவனைப் பெரியவர்கள் டீமில் பதினொன்றாவதாகப் போட்டு, பவுண்டரி ஓரம் நிறுத்திவைத்தால் போய்விடுவான். பெண்கள் டீம் ஆரம்பித்த கிளப்களுக்கு வேறொரு லாபமும் உண்டு: ஆடுபவர் மட்டுமல்ல, குழு வேலைக்கும் புது ஆள்கள் வருகிறார்கள். உடை மாற்ற ஒழுங்கான அறையும் கழிப்பறையும் இல்லாமல் “பெண்களையும் வரவேற்கிறோம்” என்று போர்டு மாட்டுவதில் மட்டும் பயனில்லை.

யார் செய்வது

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கிளப்களைச் சாய்ப்பது பணமோ நிலமோ அல்ல, ஓரிருவரின் களைப்பு. செயலாளர், பொருளாளர், அட்டவணை போடுபவர், சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், பிட்ச் போடுபவர் என்று காகிதத்தில் ஐந்து பேர் இருப்பார்கள். நிஜத்தில் இரண்டு பேர். 22 கஜப் புல் பிட்ச் ஒன்றைத் தயார் செய்ய ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே வேலை தொடங்கும்: தண்ணீர் விடுவது, புல்லைப் படிப்படியாகக் குறைத்து வெட்டுவது, ஈரம் பார்த்து ரோலர் ஓட்டுவது. ஈரம் அதிகமிருக்கும்போது ஓட்டினால் மண் பிதுங்கும், காய்ந்தபின் ஓட்டினால் பலனில்லை. இந்தக் கைப்பக்குவம் பெரும்பாலும் எழுபது வயது நெருங்கிய ஒருவரிடம் இருக்கும். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் கிளப்புக்கே முதுகு பிடித்துக்கொள்ளும். இதில் இயற்கையும் சும்மா இருப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கிலாந்தின் கார்பிரிட்ஜ் கிளப்பின் பெவிலியனே சிதைந்துபோனது.

வாரியங்கள் பணம் தருவதில்லை என்று சொல்ல முடியாது. 2025இல் தி ஹண்ட்ரட் என்ற நூறு பந்துப் போட்டி அணிகளின் பங்குகளை விற்றுக் கிடைத்த பெருந்தொகையில் ஒரு பகுதியை இங்கிலாந்து வாரியம் அடித்தட்டு ஆட்டத்துக்கு ஒதுக்கியது. சிக்கல் பணம் வரும் வடிவத்தில். திறப்பு விழா நடத்த முடிகிற பொருளுக்கு நிதி சுலபமாகக் கிடைக்கும். புது நெட்ஸ் கிடைக்கும், புல் வெட்டும் இயந்திரத்துக்கு டீசல் கிடைக்காது. நாலைந்து கிளப்களுக்குச் சேர்த்து ஒரு கிரவுண்டு பராமரிப்பாளருக்கும், பகுதிநேரமாகக் கணக்கு வழக்கு பார்க்கும் ஒருவருக்கும் சம்பளம் தந்தால் ஒரு ஸ்கோர்போர்டைவிட அது அதிகம் காப்பாற்றும். அரசுகளால் செய்ய முடிகிற ஒன்றும் உண்டு: பிரிட்டனில் சமூக விளையாட்டுக் கிளப் என்று பதிவுசெய்தால் கட்டடத்துக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. இந்த ஏற்பாட்டை மற்ற நாடுகள் காப்பியடித்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

தள்ளாடும் இரண்டு கிளப்களை இணைத்துவிடலாம் என்பது அடிக்கடி வரும் யோசனை. எனக்கு அதில் தயக்கம். இரண்டு முதல் லெவன் சேர்ந்து ஒரு நல்ல முதல் லெவன் ஆகும், இரண்டு கீழ் டீம்கள் சேர்ந்து பல நேரம் ஒன்றுமில்லாமல் போகும். கிரவுண்டையும் ரோலரையும் பகிர்ந்துகொண்டு, ஆள் குறைந்தால் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, பெயரைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் உத்தமம். லீக் நிர்வாகிகள் பதிவு விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் இது நாளையே நடக்கும்.

ஆடத் தெரியாதவர்களும் செய்ய நிறைய இருக்கிறது, அதுவும் சின்னச் சின்னதாக. ஸ்கோர் எழுத ஒரு ஆள் இருந்தாலே பேட்டிங் செய்யும் டீமில் ஒருவர் விடுதலை. ஆடாத உறுப்பினராகச் சந்தா கட்டலாம். பிள்ளைக்குச் சின்னதாகிப்போன பேடையும் ஹெல்மெட்டையும் கிளப் கிட் பேக்கில் போடலாம். முதல் வருடம் எதுவும் வாங்காமலே ஆடலாம் என்பது எத்தனையோ பேரை உள்ளே இழுக்கும். வாரம் ஒரு மாலை பிட்ச் போடும் பெரியவரோடு நின்று ரோலர் எப்போது ஓட்டுவது என்று கற்றுக்கொள்ளலாம்.

கிளப்பும் கேட்கிற விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ‘செயலாளராக வர முடியுமா?’ என்று கேட்டால் யாரும் வர மாட்டார்கள். வந்தால் பத்து வருடம் சிக்கிக்கொள்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதவியைப் பிரித்து, ‘நாலாவது டீமுக்கு ஆள் சேர்க்கிற வேலை மட்டும், இந்த ஒரு பருவத்துக்கு மட்டும்’ என்று கேட்டால் யாராவது ஒருவர் சரி என்பார். வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் தங்கள் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்துக்கு முன்பே, ஒரு மாதம் முன்னதாகவே, ஆளைத் தனியாகப் பார்த்துக் கேட்டுவிடுவது நல்லது. லீக்குக்கு டீம்களின் எண்ணிக்கையை எழுதிக் கொடுக்கும் கடைசித் தேதி பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும்.